உப்புக் கேட்டவள்

மாசிலாமணி உப்பை அள்ளிவிட்டு அப்படியே நின்றார். ஏற்கெனவே போட்டாயிற்றா என்பது நினைவில் இல்லை. குழம்பின் ஆவியில் முகத்தைக் காட்டினார். சூடு மட்டும் வந்தது.

அந்த மடத்தின் மடைப்பள்ளியில், படைப்பதற்கு முன் எதையும் வாயில் வைக்கக்கூடாது. உப்பு ஏறியதை ஆவியின் வாசனையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாசிலாமணி இருபது வருடம் அப்படித்தான் சமைத்தார்.

மடத்துச் சாமி வாசலில் வந்து நின்றார். மாசிலாமணிக்குத் தீட்சை கொடுத்தவர். அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"இன்னும் ஆகலையா? நாற்பது பேர் உட்கார்ந்திருக்காங்க."

"சாமி, எனக்கு மூக்கு போயிடுச்சு."

"எப்போ?"

"பங்குனியில காய்ச்சல் வந்துதே, அதோட. நாலு மாசமாச்சு. ருசியும் இல்ல. சோறும் பஞ்சும் ஒண்ணுதான்."

சாமி படியில் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா எப்படிச் சமைச்சீங்க?"

"கைக்கணக்குதான். யாரும் குறை சொல்லல. போன வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர், தெருமுனைக்கே நெய் மணக்குதுன்னார். அன்னிக்கு நெய்யே கிடையாது சாமி. கடலெண்ணெய்."

சாமி சிரிக்க ஆரம்பித்து, களைத்தவர்போல் நிறுத்திக்கொண்டார்.

"நான் பொய்யா சமைக்கிறேன். அவங்க பொய்யா சாப்பிடறாங்க. வேற ஆளை வைங்க. நான் போயிடறேன்."

"எங்க போவீங்க?"

"தெரியல. இதைத் தவிர எனக்கு வேலையும் தெரியாது."

சாமி அடுப்பில் கொதித்த குழம்பைப் பார்த்தார். மாசிலாமணி கேட்டார்:

"நமக்குத் தெரியறதெல்லாம் வெளியில இருக்கா சாமி? இல்ல, நாமளே போட்டுக்கறதா?"

"பூசை மணி அடிக்கிறேனே, அது என் காதுல விழுந்து பல வருஷமாச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அடிச்சது எப்படித் தெரியும்?"

"எதிர்ல நிக்கறவங்க கை கூப்புவாங்க." சாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இலையைப் போடச் சொல்லுங்க."

மாசிலாமணி கையிலிருந்த உப்பைக் கிண்ணத்திலேயே திரும்பக் கொட்டினார்.

படைத்து முடிந்து பந்தி தொடங்கியது. படைத்த சோற்றுக்கு உப்புக் கேட்பது அங்கே வழக்கமில்லை. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் முதல் கவளத்திலேயே கண்ணை மூடி, "அமிர்தம்" என்றார்.

கடைசி இலையில் ஒரு பெண். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள். பேருந்தைத் தவறவிட்டு, பசிக்கு ஒதுங்கியவள்.

"பெரியவரே, கொஞ்சம் உப்பு வையேன். சப்புன்னு இருக்கு."

பந்தி நின்றது.

"பிரசாதம்மா இது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இருக்கட்டுமே. சாமிக்கு மட்டும் உப்பு வேணாமா?"

ஹெட்மாஸ்டர் இன்னொரு கவளத்தை எடுத்தார். இந்த முறை மெதுவாக மென்றார்.

"உப்பு இல்லைதான் போலிருக்கு" என்றார்.

பக்கத்து இலைக்காரர் இலையோரத்தைத் தட்டிக் காட்டினார். அதற்கடுத்தவரும் காட்டினார். மாசிலாமணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசை முழுக்கக் குனிந்து குனிந்து போனார். சாமியின் இலைக்கு வந்தபோது அதில் ஒரு பருக்கையும் மிச்சமில்லை.

எல்லோரும் போன பிறகு மாசிலாமணி கேட்டார்:

"உப்பு இல்லைன்னு சாமிக்குத் தெரிஞ்சுதா?"

"அந்த அம்மா கேட்டப்புறம்தான்."

"அப்ப நான் போறதுதான் சரி. மூக்கு இருக்கற ஆளா வைங்க."

சாமி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வைக்கலாம். மூக்கு இருக்கறவன் யாரையும் கேட்க மாட்டான்."

மாசிலாமணி உப்புக் கிண்ணத்தை மடைப்பள்ளிக்குக் கொண்டுபோகாமல், பந்திக்கூடத்தில் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் வைத்தார்.