கச்சிராயர் விழுங்காத மாத்திரை

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை வளவராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஒரு தும்மல் போட்டால் ஒரு சட்டம் போடுவார். மறுதும்மலில் அதையே தூக்கிவிடுவார்.

மந்திரி சேந்தன் கொண்டுவந்த சட்டம் ஒன்று மட்டும் மூன்று வருஷம் தாக்குப்பிடித்திருந்தது. மூட்டுவலி மாத்திரைக்கு நாபிக் கிழங்கு வேண்டும். அதுவோ கடும் விஷம். கோமூத்திரத்தில் மூன்று நாள் ஊறவைத்து நஞ்சை முறித்த பிறகே அரைக்கவேண்டும். அதிகாரி வந்து பார்த்து, பானை வாயில் மந்திரி பேர் பொறித்த அரக்கு முத்திரை வைத்தால்தான் விற்கலாம்.

மருந்துச்சாலை நடத்திய கச்சிராயருக்கு இது வேப்பங்காய். சபையில் மூக்கால் அழுதார். "மகாராஜா! மூணு நாள் ஊறல், நாலாம் நாள் அதிகாரி! அதுக்குள்ள சனம் நொண்டியே செத்துடும். ஊறவைக்காத என் மாத்திரையும் முத்திரை மாத்திரையும் ஒண்ணுதான். மந்திரிக்குப் பானைக்குப் பானை தன் பேர் பார்க்க ஆசை!"

"ஹ...ஹச்! சட்டம் ரத்து!" என்றார் ராஜா. "சேந்தா, அது தேவைதான் என்று நாளை உச்சிப்பொழுதுக்குள் காட்டு. இல்லையேல் உன் பதவியும் ரத்து!"

சேந்தன் சபையை விட்டு வெளியே வந்தார். பதவி போனால் போகட்டும். பச்சை நாபி சந்தைக்கு வந்தால் எத்தனை வீட்டில் ஒப்பாரி! யோசித்துக்கொண்டே நடந்தவர், சட்டென்று சிரித்துவிட்டார். கச்சிராயருக்கும் மூட்டுவலி உண்டே! உச்சிவேளை மாத்திரை உள்ளே போகாமல் மனிதரால் ஆசனத்தை விட்டு எழ முடியாதே!

மறுநாள் உச்சிமணி அடித்தது. கச்சிராயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். சேந்தன் ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"எடுத்துக்கும் ஓய். முத்திரைப் பானையில் பாதி, உம்ம சாலையில் பாதி. நன்றாகக் கலந்துவிட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

கச்சிராயர் ஒன்றை எடுத்தார். உற்றுப் பார்த்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்தார். "இப்போ... வலி அவ்வளவா இல்லே, மந்திரியாரே."

"எனக்கும் முழங்கால் குடைகிறது, கொண்டா!" என்று ராஜா ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

முடங்கிய முழங்காலோடு முயலாய்ப் பாய்ந்து தட்டிவிட்டார் கச்சிராயர். "வேண்டாம் மகாராஜா! நாக்கு மரத்துடும், நெஞ்சு நின்னுடும்!"

ராஜா தரையில் உருண்ட மாத்திரையைப் பார்த்தார்.

"என் நெஞ்சு மட்டும்தான் நிற்குமா? சனத்துக்கு நிற்காதா?" என்றார் ராஜா, மெதுவாக.

சேந்தன் நாலைந்து உருண்டையை அள்ளி வாயில் போட்டு மென்றார். "பதறாதீர்கள், அரசே. எள்ளும் வெல்லமும். உங்கள் வாயருகே விஷத்தைக் கொண்டுவருவேனா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரியின் விரலில் போட்டார். "இனி அரக்கில் இதுவே பதியட்டும். நானே நினைத்தாலும் இந்தச் சட்டத்தைத் தூக்க முடியாது!"

கச்சிராயருக்கும் ஒரு பதவி கிடைத்தது: நாட்டு நாபி முழுவதையும் தன் கையாலேயே கோமூத்திரத்தில் ஊறவைப்பது. அன்றிலிருந்து, அவர் சபைக்கு வருகிறார் என்று காவலன் கூவ வேண்டிய அவசியமே இல்லை. காற்று முன்னாடியே வந்து சொல்லிவிடும்.