இளவரசனின் தூக்கத்தைத் திருடியவன்

முன்னொரு காலத்தில் கொன்றைவளநாடு என்று ஒரு நாடு. அதை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அந்த மாசம் நாட்டை ஆண்டது அவனுடைய இரண்டு மாசப் பிள்ளை.

ராத்திரி பால் குடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இளவரசன் முகம் சிவக்கும். முழங்கால் இரண்டையும் வயிற்றுக்கு இழுத்துக்கொண்டு வீலென்று அலறுவான். அரண்மனையில் ஒருவர் கண்ணும் மூடாது. தூக்கம் கெட்ட ராஜா போடுகிற உத்தரவு எப்படி இருக்கும்? முதல் நாள் குளத்துத் தவளைகளை நாடு கடத்தினான். மறுநாள் கோயில் மணியின் நாக்குக்குப் பஞ்சு சுற்றச் சொன்னான். மூன்றாம் நாள், உச்சிப்பொழுதுக்கு முன் கூவக்கூடாது என்று சேவல்களுக்கு ஓலை அனுப்பினான்.

நான்காம் நாள் சபையில் கொழுந்தப்பர் எழுந்தார். அரண்மனையில் யார் எங்கே நிற்பது, யார் யாரைத் தொடலாம் என்றெல்லாம் சட்டம் எழுதுகிற முறைமைக்காரர் அவர். மந்திரி சொக்கேசர் பெயரைக் கேட்டாலே அவருக்கு நாக்கு கசக்கும்.

"மகாராஜா, தவளை என்ன பாவம் செய்தது? குற்றமெல்லாம் பால் கொடுக்கிற செவிலி வெள்ளச்சியிடம். அவளைத் தேடிப் பிடித்து வந்தது யாரென்று நான் சொல்லமாட்டேன். மந்திரியார் கோபித்துக்கொள்வார்!"

ராஜா ஒரு கொட்டாவி விட்டான். சபை முழுக்கக் கொட்டாவி விட்டது. "நாளைப் பொழுது சாய்வதற்குள் அவள் நாட்டைவிட்டுப் போகட்டும்."

சொக்கேசர் வெள்ளச்சியைப் போய்ப் பார்த்தார். அவள் தன் ஐந்து மாசப் பெண்ணை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். கொழுகொழுவென்றிருந்த அந்தப் பெண்ணோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுவும் உன் பால்தானே குடிக்கிறது? இது மட்டும் எப்படியம்மா தூங்குகிறது?"

"இதத் தோள்ல போட்டு முதுகுல தட்டுவேன் சாமி. பாலோட முழுங்குன காத்து ஏப்பமா வந்துரும். இளவரசரத் தட்ட முடியுமா? குடிச்சதும் பொன் தொட்டில்ல நேராப் போட்டுரணும். ராஜ மேனிய அடிக்கிற கைய வெட்டணும்னு கொழுந்தப்பரு சட்டம். ராணியம்மாகூட ஒரு நாள் கையத் தூக்குனாங்க. 'தாங்கள் வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள்'னு தடுத்துட்டாரு."

"இதை ராஜாவிடம் சொன்னாயா?"

"குதிரை லாயத்துக்காரரு சொல்லிப் பாத்தாரு. என் முத்திரை விழுந்த சட்டத்துல தப்புச் சொல்றியான்னு காக்கா எண்ண எல்லைக்கு அனுப்பிட்டாரே ராஜா!"

மறுநாள் சபையில் சொக்கேசர் கைகூப்பினார். "மகாராஜா, இளவரசர் தூக்கத்தைத் திருடியவன் அரண்மனைக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறான். இப்போதே, இங்கேயே, அவனாகக் குரல் கொடுத்து வெளியே வருவான்."

"வராவிட்டால்?" என்றார் கொழுந்தப்பர்.

"வெள்ளச்சியோடு நானும் நாட்டைவிட்டுப் போகிறேன்."

கொழுந்தப்பருக்கு வாயெல்லாம் பல்.

பால் குடித்த கையோடு இளவரசனைப் பொன் தொட்டிலோடு தூக்கி வந்தார்கள். முகம் அப்போதே சிவக்கத் தொடங்கியிருந்தது.

"மகாராஜா, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். மிரண்ட குதிரைக் குட்டியைத் தட்டிக்கொடுப்பீர்களே, அதைவிட மெதுவாக முதுகில் தட்டுங்கள்."

"ஐயையோ!" கொழுந்தப்பர் குதித்தார். "ராஜ மேனி! தட்டுகிற கையை வெட்டவேண்டும்!"

"வெட்டுங்களேன்," என்றார் சொக்கேசர். "தட்டப்போவது மகாராஜாவின் கை."

ராஜா திரும்பி ஒரு பார்வை பார்த்தான். கொழுந்தப்பர் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா தட்டினான். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினான். பிள்ளை முனகி, காலை இழுத்தது. வாசலில் நின்ற வெள்ளச்சி சேலை முந்தானையைக் கசக்கினாள்.

"திருடன் வெளியூர் போயிருக்கிறானோ மந்திரியாரே?" என்றார் கொழுந்தப்பர்.

"இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள், மகாராஜா. தலையைத் தாங்கிக்கொள்ளுங்கள். அவசரமே வேண்டாம்."

ராஜா எழுந்து நடந்தான். தட்டினான். தூண் வரை போய்த் திரும்பினான்.

"ஏஏவ்!"

அத்தனை சின்ன வயிற்றிலிருந்து அத்தனை பெரிய ஏப்பம்! காவலாளிகள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜாவின் பொன்னாடையில் தயிராய்த் திரிந்த பால் வழிந்தது. பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியது. அழுகை இல்லை. முனகல்கூட இல்லை. வெள்ளச்சி ஓடிவந்து வாங்கி, தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தாள்.

சபை மூச்சுவிடப் பயந்து நின்றது. ராஜா ரகசியம்போலக் கேட்டான்: "காற்றா திருடன்? இத்தனை நாள் அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது யார்?"

சொக்கேசர் கொழுந்தப்பரின் சட்ட ஓலையை எடுத்து நீட்டினார். ராஜா வாசித்தான். அடியில் இருந்தது அவனுடைய முத்திரை. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். பிறகு, சத்தம் வராமல், ஓலையை மெல்ல இரண்டாக ஒடித்தான்.

வெள்ளச்சியின் பெண்ணுக்கும் அரண்மனையில் ஒரு தொட்டில் கட்டினார்கள். சொக்கேசரிடம் ராஜா தன் முத்திரை மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தான். "இனி நான் முத்திரை வைக்கக் கேட்டால், ஓலையை நீர் ஒருமுறை வாசித்துவிட்டுக் கொடும்." காக்கை எண்ணப் போனவர் ஊர் திரும்பினார். தவளைகளும் திரும்பின.

கொழுந்தப்பருக்கு? "முறைமை தெரிந்தவராயிற்றே! ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் துண்டோடு பக்கத்தில் நிற்பீர். ஏப்பம் வந்ததும் இளவரசரின் பட்டப்பெயர் ஒன்று விடாமல் சொல்லிச் சபைக்கு அறிவிப்பீர்."

அதற்குப் பிறகும் சில ராத்திரி பிள்ளை சிணுங்கத்தான் செய்தது. ராஜாவே எழுந்து தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். பால் வடிந்த துண்டோடு கொழுந்தப்பர் பின்னாலேயே போவார். ஏப்பம் வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "கொன்றைவளநாட்டு இளஞ்சிங்கம், எட்டுத் திசையும் நடுங்கும்..." என்று தொடங்குவார்.

"உஷ்!" என்பான் ராஜா.

மிச்சமிருக்கிற முப்பத்திரண்டு பட்டத்தையும் கொழுந்தப்பர் கிசுகிசுவென்று சொல்லி முடிப்பதற்குள் அரண்மனையே தூங்கியிருக்கும்.