பழைய தட்டும் புது மெஷினும்

தணிகாசலம் முதலாளியின் மரப்பட்டறைக்குப் புது சாண்டிங் மெஷின் வந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். உப்புத்தாள் ஒட்டும் தட்டையும் புதிதாக வாங்கச் சொன்னான் கடைக்காரன். சொன்னதைக் கேட்டுவிட்டால் அப்புறம் அவர் என்ன முதலாளி?

"பழைய தட்டையே மாட்டு. எல்லாம் ஒண்ணுதான்," என்றார், பலகை தேய்க்கும் செங்கமலத்திடம்.

மாட்டினாள். மரை சரியாகப் பொருந்தியது. அதுதான் அவளுக்குப் பயம். தட்டின் முதுகில் நிமிடத்துக்கு அதிகபட்சம் ஆறாயிரம் சுற்று என்று போட்டிருந்தது. மெஷினிலோ பன்னிரண்டாயிரம். போன மாதம் பக்கத்துப் பட்டறையில் இப்படித்தான் ஒரு தட்டு சிதறி, அங்கே வேலை பார்த்த வீரணனின் கண்ணைக் கொண்டுபோனது.

"இந்த வேகத்தை இது தாங்காதுங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? ஓட்டு. இல்லாட்டி நாளைலேருந்து வராதே."

செங்கமலம் பூஜைத் தட்டை எடுத்து வந்தாள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் சுற்றினாள். மெஷினை இரண்டு கையாலும் தூக்கி அவரிடமே நீட்டினாள்.

"புது மெஷினை முதல்ல முதலாளிதானே ஓட்டணும்? நம்ம பட்டறை வழக்கமாச்சே."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் வாங்கினார். சுவிட்சில் விரலை வைத்தவர், அதை அழுத்தவில்லை. மெல்லத் தட்டைத் திருப்பி, அந்தச் சின்ன எழுத்தை முதன்முதலாகப் படித்தார். மெஷினைக் கீழே வைத்தார்.

"கடைக்குப் போய்ப் புதுத் தட்டு வாங்கிட்டு வா. இதைக் கழட்டித் தூக்கி வீசு."

"நான் வீச வேண்டாமுங்க, அது தானாவே பறந்துடும்னுதான் இவ்வளவு நேரம் பயந்தேன்," என்றாள் செங்கமலம்.