இரண்டாம் எண் தட்டு

செங்கமலத்துக்கு நடந்தது அநியாயம். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவும் அவள்மீது பழியைத் தூக்கிப் போட்டார், யானைக்கால் புழுவைக் கொல்லும் இலையைக் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொண்ட பேராசிரியர் குலோத்துங்கன்.

"நீ வர்றதுக்கு முன்னால என் இலைச்சாறுல புழு செத்துச்சு. நீ வந்ததும் பிழைச்சுக்குது. சோப்பை ஒழுங்கா அலசுறதில்ல நீ! நாளைக்குச் சோதிச்சுப் பார்க்க வர்ற நிபுணர் முன்னால புழு சாகலைன்னா உனக்கு வேலை இல்ல."

இலை கொல்லாததற்குக் கழுவுகிறவள் என்ன செய்வாள், சொல்லுங்கள்! ஆனால் பயம் நியாயம் கேட்குமா?

மறுநாள் இரண்டு தட்டுகளைத் தயார் செய்தாள். வழக்கப்படி தட்டில் எண் மட்டும். எதில் இலைச்சாறு, எதில் வெறும் நீர் என்ற சீட்டு உறைக்குள்.

நிபுணர் அம்மா நுண்ணோக்கியில் பார்த்தார். "ஒன்றாம் தட்டில் புழு நெளிகிறது. இரண்டாம் தட்டில் எல்லாம் செத்துக் கிடக்கிறது."

"இரண்டுதான் என் இலை!" என்று துள்ளினார் பேராசிரியர்.

அம்மா உறையைப் பிரித்தார். "இரண்டில் புழு வளர்க்கும் நீர் மட்டும் என்றிருக்கிறதே?"

செங்கமலம் முன்னால் வந்தாள். "ஆமாங்கம்மா. நான் வேலைக்கு வந்த அன்னிக்குத் தட்டெல்லாம் சோப்பு வழவழன்னு இருந்துச்சு. இரண்டாம் தட்டை மட்டும் அதே மாதிரி அலசாம விட்டேன். நல்லா அலசின தட்டுலதான் சாரோட இலை இருக்கு. புழு அதுல சுகமா நீந்துதுங்க."