நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மருந்து ஆய்வுக்கூடம். அங்கே ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்று. காசநோய்க் கிருமியின் மேல் மூலிகைச் சாறுகளைச் சோதிப்பது அதில்தான். புதிதாக வந்த இயக்குநர் ஆதிகேசவலு, அதைக் காலி செய்து தன் கணினியை வைக்கச் சொன்னார்.

“எந்தச் சாறு கிருமியைக் கொல்லும், எது கொல்லாதுன்னு இதுவே கத்துக்கிட்டுச் சொல்லிடும். ஏற்கெனவே நீங்க சோதிச்ச நூறு சாறைக் கொடுத்தேன். தொண்ணூத்தெட்டு சரி! உங்கள்ல யாராவது அந்த அளவுக்குச் சொல்லுங்க, அறையை விட்டுடறேன்.”

விஞ்ஞானிகள் கருவிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்கள். குப்பி கழுவும் சந்தனமாரி ஈரக்கையோடு முன்னால் வந்தாள்.

“நான் சொல்லுதேன் சார்.”

“நீயா!” இயக்குநருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நூறு குப்பிகளையும் வரிசையாக வைத்தார்கள். அவள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. “கொல்லாது” என்று நூறு தடவை சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். சோதனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். தொண்ணூற்றெட்டு சரி.

“ஏமாத்துறியா? எல்லாத்துக்கும் ஒரே பதிலைச் சொன்னே!”

“உங்க கணினி என்ன சொல்லிச்சு சார்?”

விஞ்ஞானி ஒருவர் அது அச்சிட்ட தாளை வாங்கிப் பார்த்தார். நூறு வரியிலும் ‘கொல்லாது’.

“நூத்துல ரெண்டுதான் தேறும்னு பன்னெண்டு வருசமா கொட்டிக் கழுவுற எனக்கே தெரியும். இருமிக்கிட்டு வாறவன் அந்த ரெண்டைத்தான் சார் கேக்கான். அதைக் கண்டுபிடிச்சது இந்த அறை. உங்க கணினியைத் தூக்கி என் தொட்டிப் பக்கம் வைங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அறிவுதானே?”