கன்னுக்குட்டிப் பாறையும் சன்னாசியின் ஜீப்பும்

மலைக்கு மேலே ஒட்டுமேடு என்று ஓர் ஊர். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

ஊருக்கு ஒரே வண்டி, சன்னாசியின் ஜீப். ஏலக்காய் மூட்டை இறங்குவதும் அதில்தான், அரிசி ஏறுவதும் அதில்தான், பிள்ளைத்தாச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். ஊர்க்கூட்டமும் அதில்தான். வெளியில் உட்கார்ந்தால் அட்டை கடிக்கும். அதனால் எந்தப் பேச்சானாலும் ஆம்பளைகள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துதான் பேசுவார்கள். ஜீப்பில் உட்காராமல் எடுத்த முடிவு அங்கே செல்லாது.

ஊர் எல்லையில், பாதை நடுவில் ஒரு கல் கிடந்தது. படுத்திருக்கிற கன்னுக்குட்டி அளவு. பேரும் கன்னுக்குட்டிப் பாறைதான். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம், விலகிப் போக வழியில்லை. ஜீப்பின் அடிவயிறு அதில் நங்கென்று இடிக்கும். ஆகவே பாறை வந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். பாரம் குறைந்த ஜீப் முக்கி முனகித் தாண்டும். தாண்டியதும் ஏறிக்கொள்வார்கள். சன்னாசியின் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் நடந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை, சன்னாசி மகள் பேச்சியம்மாளைப் பெண் கேட்டு வரும்வரைக்கும்.

கேட்டது அடிவாரத்து அங்கம்மாள், தன் மகன் ஈஸ்வரனுக்கு. பையனுக்கும் பிடித்துப்போச்சு, பொண்ணுக்கும் பிடித்துப்போச்சு. அங்கம்மாளுக்கு மட்டும் முழங்கால் வலி. மலைப்பாதையில் ஓரிடத்தில் இறங்கி நடக்க வேண்டும் என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள்.

"அண்ணே, கறாராச் சொல்லிப்புடுறேன்" என்றாள் சன்னாசியிடம். "வண்டியில ஏறுனா ஒங்க வீட்டு வாசல்லதான் எறங்குவேன். நடுவழியில எறக்கி நடக்கவிட்டா, அப்படியே திரும்பி வந்துருவேன். வெள்ளிக்கிழமை பூவோட நிக்கிறேன், வந்து கூட்டிட்டுப் போங்க."

சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சியம்மாள் அடுப்படியில் தன்பாட்டுக்கு முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தால் இன்னும் இறங்கவில்லை. நேரே பட்டறைக்காரர் இபுராகிம் ராவுத்தரிடம் போனார்.

ராவுத்தர் கண்ணில் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மலையேறக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஜீப்பைத் தூக்கிவிட்டால் பாறை இடிக்காது, அவ்வளவுதானே என்றார். சக்கரத்துக்கு மேலே வில்லு மாதிரி வளைந்து பாரம் தாங்குமே, அந்த இரும்புப் பட்டைகளைக் கனமாகப் புதுசாகக் கொடுத்தார். அதற்குத் தோதாகக் குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பரும் கொடுத்தார். பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்:

"ஜாக்கி வச்சு வண்டியத் தூக்கி, அடியில கட்டை கொடுத்துட்டுப் பட்டைய மாத்து. அப்புறம் எறக்கி, ரெண்டு பக்கத்துக்கும் ஆள் வச்சு அளந்து பாரு. தாழ்ந்த பக்கத்துக்குப் பட்டைமேல பலகை கொடுத்துச் சரி பண்ணு. பாரத்தோட நூறு கிலோமீட்டர் ஓட்டு, ஓட்டிட்டு போல்ட்டெல்லாம் மறுபடி முறுக்கு. அதுக்கு முன்னாடி மட்டும் பாறைப் பக்கம் போயிராத சன்னாசி, அம்புட்டும் பிரிஞ்சு வந்துரும்."

சன்னாசி இதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே மலையேறினார். வழக்கம்போலப் பாறையில் இடித்துத் தாண்டி, ஜீப்பை ஊர் நடுவில் நிறுத்தினார்.

முதலில் ஜாக்கி. மொக்கையன்தான் மிதித்தான். பனைமரம் மாதிரி உயரம், கையும் காலும் நீளம், ஊரில் அவன்தான் விவரஸ்தன். மற்றவர்கள் ஜீப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், எவ்வளவு மிதித்தும் அது எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை என்று பேசுவதற்காக அவனும் ஏறி உட்கார்ந்தான். ஜாக்கி பழசு என்றார் பெரியவர் ஒச்சு. மண்ணு இளக்கம் என்றான் குருவன். பேச்சு முடிந்து எல்லாரும் இறங்கி மிதித்துப் பார்த்தால் சர்ரென்று எழும்பியது. சரி, என்ன ஆனது என்று பேசலாமென மறுபடி எல்லாரும் ஏறினார்கள். ஜாக்கி உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் சன்னாசியின் பெண்டாட்டி காமுத்தாய் சோறு தயார் என்று கூப்பிட்டாள். எல்லாரும் சாப்பிடப் போன சமயத்தில் அவளே மிதித்துத் தூக்கிக் கட்டை கொடுத்தாள். சோற்றுவாசத்துக்கு ஜீப் எழும்பியது என்று ஒச்சு இன்னமும் சொல்வார்.

பட்டை மாற்றுவதில் சன்னாசி கை தேர்ந்தவர். அதையும் சொல்லாவிட்டால் பாவம். மத்தியானத்துக்குள் மாற்றி முடித்து ஜீப்பை இறக்கினார்.

அடுத்தது அளவு. ரெண்டு பக்கத்துக்கும் ஆள் வைக்கச் சொல்லியிருக்கிறார் ராவுத்தர். வலது பக்கம் மொக்கையனை வைத்தார்கள், இடது பக்கம் குருவனை. குருவன் குட்டை, கையும் அதற்கேற்ற கை. ரெண்டு பேரும் தரையில் குந்திக்கொண்டு, சக்கரத்து நடுவிலிருந்து மட்கார்டு வரைக்கும் முழம் போட்டார்கள்.

"வலது பக்கம் ஒரு முழம்" என்றான் மொக்கையன்.

"இடது பக்கம் ஒரு முழமும் நாலு விரக்கடையும்" என்றான் குருவன்.

வலது பக்கம் தாழ்ந்து கிடக்கிறது என்று அங்கே ஒரு பலகை கொடுத்தார்கள். சரியாகப் போச்சு. ஆனால் சன்னாசி நியாயஸ்தர், மகள் காரியம் வேறு. ஒருவர் சொன்னதை மட்டும் நம்பக் கூடாது, பக்கம் மாறி அளங்கள் என்றார். மாறி அளந்தார்கள். இப்போது இடது பக்கம் ரொம்பவே தாழ்ந்திருந்தது. அங்கே ரெண்டு பலகை கொடுத்தார்கள். மறுபடி மாறினார்கள். வலது பக்கம் தாழ்ந்துவிட்டது.

"பார்த்தியா மாமா, ஒரு பக்கம் ஏத்துனா ஒரு பக்கம் எறங்குது. தராசு மாதிரி வண்டி" என்று மொக்கையன் வியந்தான்.

ஏலக்காய்ப் பெட்டிப் பலகை தீர்ந்தது. ஒச்சு வீட்டுக் கதவு வந்தது. ஜீப் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் குருவன் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, எட்டவில்லை என்றான். மொக்கையனும் நீட்டிப் பார்த்துவிட்டு, எனக்கும் எட்டவில்லை என்றான். ரெண்டு பக்கமும் ஒரே பதில் வந்துவிட்டதால் உயரம் சமம் என்று முடிவானது. யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஜீப் லேசாகத் தலையைச் சாய்த்து நின்றது.

இனி நூறு கிலோமீட்டர். இங்கேதான் சிக்கல். மறுநாள் வெள்ளி. ஊரிலிருந்து பாறைக்கு ஒரு பீடி பிடிக்கிற தூரம். பாறையைத் தாண்டாமல் நூறுக்கு எங்கே போவது? உரலைக் கவிழ்த்துப் போட்டு அதில் மிதித்து எல்லாரும் ஜீப்பில் ஏறினார்கள். பேச்சு நடந்தது.

ஊருக்கும் பாறைக்கும் போய்ப் போய்த் திரும்பினால் என்ன என்று குருவன் கேட்டான். நல்ல யோசனை மாதிரிதான் தெரிந்தது. மொக்கையன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான்.

"போறது சரி மச்சான். திரும்பி வந்தா கழிஞ்சிருமே. அம்பது போயி அம்பது வந்தா, மிச்சம் என்ன இருக்கு?"

எல்லாரும் விரல் விட்டுப் பார்த்தார்கள். மிச்சம் ஒன்றும் இல்லை.

"அப்ப திரும்பாம ஓட்டணும்" என்றார் சன்னாசி. யோசித்துவிட்டுத் தானே சொன்னார்: "எங்கயும் போகாத வண்டிதானப்பா திரும்ப வேண்டியதில்ல."

அப்படி ஒரு பேச்சை ஒட்டுமேடு அதுவரை கேட்டதில்லை. ஜீப்பை மறுபடி கட்டைமேல் ஏற்றி, நாலு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும்படி நிறுத்தினார்கள். பாரத்தோடு ஓட்டச் சொன்னதால் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். சன்னாசி சாமி கும்பிட்டு கியர் போட்டார். அந்த ஜீப்பில் உருப்படியாக வேலை செய்தது மீட்டர் ஒன்றுதான். கிலோமீட்டர் எண் ஒவ்வொன்றாக ஏறியது.

முப்பதைத் தாண்டும்போது ஒச்சுவுக்குக் குமட்டியது. வளைவு ஜாஸ்தி, மெதுவாகப் போ என்றார். சன்னாசி ஹாரன் அடித்து வளைத்தார். அறுபதில் குருவனுக்கு மாடு கறக்கிற ஞாபகம் வந்துவிட்டது. குதித்து இறங்கியவன், இறங்கின பிறகுதான் திகைத்து நின்றான். இம்புட்டுத் தூரம் வந்துவிட்டோம், இனி வீட்டுக்கு எப்படித் திரும்புவது?

எந்த ஊரானாலும் மனுசர்கள்தானே, அதோ அந்த வீட்டில் தண்ணி வாங்கிக் குடி, மனசு தெளியும் என்று மொக்கையன் தைரியம் சொன்னான். குருவன் போய்க் கதவைத் தட்டினான். போன வேகத்தில் வந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டான்.

"இந்த ஊர்லயும் எம்பொண்டாட்டி மாதிரியே ஒருத்தி இருக்காப்பா" என்றான் தணிந்த குரலில். "திட்டுறதும் அப்படியே. வண்டிய வெரசா ஓட்டு மாமா."

இருட்டுவதற்குள் நூறு வந்துவிட்டது. எல்லாரும் இறங்கி, இடுப்பை நிமிர்த்தி, சொந்த ஊர் மாதிரி வருமா என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். சன்னாசி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் ஆம்பளைகளோடு ஜீப் பாறையை நெருங்கியது. நங்கென்ற சத்தத்துக்குச் சன்னாசி காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பாறை பின்னால் கிடக்கிறது. ஜீப்புக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு ஆடு போகலாம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி பேச்சியம்மாள் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

அடிவாரத்து டீக்கடை வாசலில் அங்கம்மாள் பட்டுச்சேலையும் பூத்தட்டுமாக நின்றாள். ஈஸ்வரன் பழக்கூடையோடு பக்கத்தில் நின்றான். ஜீப் வந்து நின்றது. படி அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

அங்கம்மாள் படியைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். சன்னாசியைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒங்க ஊர்ல பொண்ணு மட்டும்தான் கட்டிக் குடுக்குறீகளா, இல்ல யானையும் கட்டுறீகளா? இதுல நான் எப்படி ஏற?"

சன்னாசிக்கு உலகமே இருண்டது. உடனே கூட்டம் போட வேண்டியிருந்தது. டீக்கடைத் திட்டை ஒட்டி ஜீப்பை நிறுத்தி, திட்டில் கால் வைத்து எல்லாரும் வசதியாக ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கம்மாள் கால் வைத்து ஏற எங்கே ஒரு மேடு கிடைக்கும் என்று ஆலோசித்தார்கள்.

இந்த ஜீப்புக்கு என்று அளவெடுத்த மாதிரி ஒரு மேடு வேண்டும் என்றார் ஒச்சு. சன்னாசி நிமிர்ந்தார்.

"நமக்கு அப்படி ஒரு மேடுதான தெரியும்?"

தங்கச்சி, ஒரு டீ குடித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினார். அங்கம்மாள் டீ குடித்தாள். பிறகு வடை தின்றாள். மறுபடி டீ குடித்தாள். ஈஸ்வரன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறியபோது ஜீப் வந்தது. எல்லார் உடம்பிலும் செம்மண். கடப்பாறையும் வடமும் தொங்கின. எட்டுப் பேர் முக்கிக் கன்னுக்குட்டிப் பாறையை இறக்கி, அங்கம்மாள் முன்னால் மரியாதையாக வைத்தார்கள்.

அவள் அதில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். வாசலில் இறங்கும்போதும் வேண்டுமே என்று பாறையையும் உள்ளே ஏற்றி அவள் காலடியில் வைத்தார்கள். ஆளும் கல்லும் சேர்ந்த பாரத்தில் புதுப்பட்டை எல்லாம் அமுங்கி, ஜீப் பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஊர் எல்லையில் ஜீப் நிற்காமல், இடிக்காமல் போனது.

"என்னமோ பாறை பாறைன்னாகளே, எங்கண்ணே அது?" என்று அங்கம்மாள் கேட்டாள்.

"ஒங்க காலுக்குக் கீழதான் தங்கச்சி இருக்கு."

அங்கம்மாள் குனிந்து பாறையைப் பார்த்தாள். திரும்பிப் பாதையைப் பார்த்தாள். பிறகு பூத்தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். சன்னாசி வீட்டு வாசல் வரைக்கும் கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

வாசலில் பாறையை இறக்கி வைத்தார்கள். அவள் கால் வைத்து இறங்கினாள். எதிரே காமுத்தாய் செம்பும் தண்ணியுமாக நின்றாள்.

"மதினி, எனக்கு முழுச் சம்மதம்" என்றாள் அங்கம்மாள். "இந்த ஊர்ல யாரும் என்னிக்கும் பொய் சொல்ல மாட்டாக. அதுக்குக் கொஞ்சமாச்சும் மூளை வேணும்."

உள்ளே போய்ப் பேச்சியம்மாள் தலையில் பூவை வைத்தாள். பிள்ளை சிரித்த சிரிப்பைப் பார்த்து, சன்னாசி ரெண்டு நாள் பாக்கியைச் சேர்த்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் அங்கம்மாளைக் கல்லும் காலுமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது, பாறையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் துணி துவைக்கப் போட்டுக்கொள்கிறேன் என்றான் குருவன். மொக்கையன் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாறை இடிக்கக் கூடாதுன்னுதான வண்டியத் தூக்குனோம்? பாறையே இல்லேன்னா, வண்டி எதுக்கு மச்சான் ஒசரமா நிக்கணும்? ராவுத்தர் கேட்டா என்ன பதில் சொல்லுவோம்?"

அது நியாயம்தான். பழைய குழியில், பழைய இடத்தில், முழம் போட்டு அளந்து பாறையை வைத்து மண்ணை இறுக்கினார்கள். சன்னாசி ஜீப்பை அதன்மேல் ஓட்டிக் காட்டினார். இடிக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏறலாம் என்று போனால் படி நெஞ்சுக்கு நேரே நின்றது. சன்னாசி கொஞ்சம் யோசித்து, ஜீப்பைப் பின்னால் எடுத்து, பின்படி பாறைக்கு நேராக வரும்படி நிறுத்தினார். பாறைமேல் கால் வைத்து ஒவ்வொருவராக ஏறிக்கொண்டார்கள்.

இன்றைக்கும் அங்கே அதுதான் நடைமுறை. பாறை வந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். ஜீப் இடிக்காமல் தாண்டும். பாறையில் ஏறி நின்று எல்லாரும் ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். பாதையில் பாறை இல்லாத ஊர்க்காரர்கள் எல்லாம் எப்படித்தான் ஜீப்பில் ஏறுகிறார்களோ, பாவம் என்று குருவன் ஒவ்வொரு தடவையும் சொல்வான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.