கண்ணால் அளந்த குளம்

கண்ணாலேயே எதையும் அளந்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் மணியக்காரரிடம் வந்து மாட்டினாள், குளம் வெட்டும் பொம்மக்கா. சொன்னபடி ஆளுயரத்துக்கு மேல் ஒரு சாண் வெட்டியிருந்தாள். ஆழத்துக்குச் சாட்சியாக நடுவில் விட்டுவைத்த மண்திட்டை, அவர் பார்க்க வருவதற்குள் மழை குளத்தை விளிம்புவரை நிரப்பிக் கரைத்துவிட்டது.

தெளிந்த தண்ணீரைக் கரையிலிருந்தே எட்டிப் பார்த்தார் மணியக்காரர்.

“மார்பளவுதான் இருக்கு! தண்ணியோடயே இன்னும் தோண்டு. அதுவரைக்கும் உன் ஆளுங்க ஊரைத் தாண்டக் கூடாது.”

பொம்மக்கா மூங்கில் கோலை உள்ளே ஊன்றிக் காட்டினாள்.

“வளைஞ்ச கோலைக் காட்டி ஏமாத்தறியா?”

“கோல் வளையல சாமி. வெளிச்சம் தண்ணியை விட்டு வெளிய வர்றப்போ திசை மாறுது. அதான் கோல் ஒடிஞ்சு தெரியுது, தரையும் மேல வந்து தெரியுது.”

“அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா?”

“ஐயோ, நான் சொல்வேனுங்களா? மார்பளவுதானே, நீங்களே இறங்கி நில்லுங்க. தலைப்பாகை நனையலேன்னா தோண்டறேன்.”

ஊரே பார்க்க இறங்கினார். தலைப்பாகை மட்டும் மிதந்தது.

பொம்மக்கா சட்டென்று கோலை நீட்டினாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டே கரையேறினார்.

“வளைஞ்ச கோலுதான் சாமி, பரவாயில்லீங்களா?”

மணியக்காரர் கோலை மேலும் கீழும் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

“சரி சரி, கிளம்புங்க.”

பொம்மக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் ஆட்கள் மண்வெட்டிகளைக் கழுதைமேல் ஏற்றி, ஊர் எல்லையையே தாண்டியிருந்தார்கள்.